அக்காவின் பலகைகளும் இரண்டு நாற்காலிகளும்

"…எல்லாத்தையும் தனியா பார்த்துக்கிட்டவதானே, கோடிச் சேலையையும் அவளே பார்த்துக்கட்டும்லா" என்றார் அண்ணன். கம்போங் ராஜாவில் லாரியில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தவரிடம், அக்கா காலமான செய்தியை நான் கைப்பேசியில் சொன்னபோது வந்த பதில் அது. அத்தோடு இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

எங்கள் வழக்கப்படி, மணமாகிப் போன பெண் இறந்தால் பிறந்த வீட்டுக் கோடியை உடன்பிறந்தவன் கொண்டுவந்து போர்த்த வேண்டும். அது வராமல் உடலை எடுப்பதில்லை. அக்காவுக்கும் எனக்கும் இருப்பது ஒரே அண்ணன். இந்த வார்த்தையை அக்காவின் நினைவு மலரில் போடலாமா என்று பிறகு அவரிடமே கேட்டேன். "சொன்னது சொன்னதுதான். போடு" என்றார். போட்டுவிட்டேன்.

அக்கா ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர். அப்பாவுக்கு மருந்தடிக்கும் வேலை, அம்மாவுக்குக் கொழுந்து பறிக்கும் வேலை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்தபோது அம்மா நோயில் விழுந்தார். வீட்டையும் என்னையும் அக்கா தம் இடுப்பில் தூக்கிக்கொண்டார். பிறகு திரிங்காப்பில் காய்கறி பயிரிட்டுவந்த அத்தானுக்கு வாழ்க்கைப்பட்டார். மகள் தவழும் வயதில் அத்தான் மாரடைப்பில் தவறினார்.

காரியம் முடிந்த கையோடு அண்ணன் தம் லாரியை வாசலில் நிறுத்தி, "சாமான ஏத்து, நம்ம வீட்டுக்குப் போலாம்" என்றார். உறவெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க அக்கா சொன்னார்: "அண்ணே, நான் இங்கயே பொழச்சிக்கிறேன். நீங்க உக்காந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

அண்ணன் உட்காரவில்லை. வெறும் லாரி திரும்பிப் போனது. அதன்பின் அந்த வாசலைத் தாண்டித்தான் அன்றாடம் காய்கறி ஏற்றிப் போனார், ஒருநாளும் நிறுத்தவில்லை. மகளின் மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் சீரைக்கூட ஆள் மூலம் அனுப்பினார்.

அக்கா வாசலிலேயே சாலையோரக் கடை போட்டார். காய்கறி, பூ, ஸ்ட்ராபெரி. மாடியில் ஓர் அறையைச் சுற்றுலா வருவோருக்கு விட்டார். பலகை எழுத ஆள் வைக்கவில்லை. சிவப்புச் சாயத்தைத் தொட்டு அவரே ஆங்கிலத்தில் எழுதுவார், தப்பும் தவறுமாக. வருகிறவர்கள் பலகையைப் படம் பிடித்துச் சிரிப்பார்கள். அக்காவும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

"ஆன்ட்டி, ஸ்ட்ராபெரிக்குப் பின்னாடி ரெண்டு ஆர் லா!" என்றாள் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பெண்.

"ரெண்டா? சரி, ஒண்ணு கூடைக்கு, ஒண்ணு உன் வாய்க்கு. இந்தா, தின்னு."

அதன்பிறகு அந்தச் சொல்லில் அக்கா தவறியதே இல்லை. கேபேஜுக்கு நடுவில் இரண்டு பி என்று யாரோ சொன்னபோது, "பி-யப் பாரு, வயிறு தள்ளிக்கிட்டு நிக்குது. கோசுக்கு ரெட்டைப் புள்ள" என்றார். செவ்வந்திப் பூவின் நீளமான ஆங்கிலப் பெயரில் ஐ வருமா ஒய் வருமா என்ற குழப்பத்துக்கு, "ஒய்-தான். காம்பு கிளை பிரியுற மாதிரியே இருக்கு பாரு" என்று முடிவு கட்டினார். அக்காமடேஷன் என்ற சொல்தான் அவரை நெடுநாள் அலைக்கழித்தது. கடைசியில் அதையும் பிடித்தார். "ரூமுக்கு ரெண்டு சேர், ரெண்டு மெத்தை போட்டாத்தான் ஆளு தங்கும். சேருக்கு ரெண்டு சி, மெத்தைக்கு ரெண்டு எம்."

அறைக்குக் குளியலறை தனி என்று எழுத செப்பரேட் என்ற சொல் தேவைப்பட்டது. அதில் முதல் ஏ இருக்க வேண்டிய இடத்தில் எப்போதும் இ போட்டுவிடுவார். நான் சொன்னேன். தூரிகையைத் துடைத்துவிட்டு எழுத்தைத் திருத்தினார். "ஒரு ஏ அப்பா, ஒரு ஏ அம்மா. புள்ளைங்க பிரிஞ்சி போனாலும் அவங்க ரெண்டு பேரும் உள்ளதான் நிப்பாங்க" என்றார்.

கடையிலும் இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஒன்று அக்காவுடையது. மற்றதில் யாரையும் உட்கார விடமாட்டார். "யாருக்குக்கா இது?" என்று வாடிக்கையாளர்கள் கிண்டல் செய்வார்கள். "லாரிக்காரருக்கு" என்பார். கடையை ஒட்டி ஒரு வளைவு. அங்கே அண்ணன் ஹார்ன் அடிப்பார். "எனக்குத்தான் அடிக்குது" என்பார் அக்கா.

"வளைவுக்கு அடிக்கிறாருக்கா" என்பேன் நான்.

"வளைவுக்கும் இருக்கட்டும், எனக்கும் இருக்கட்டும். உனக்கென்னடி?"

சென்ற ஆண்டு சிறுநீரகம் பழுதானது. படுக்கையிலும் முகம் சுளித்ததில்லை. மருத்துவமனைத் தாதியின் பெயரை எழுத்துக்கூட்டிக் கற்றுக்கொண்டார். என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "கோடி அண்ணன் கையால வரணும். ஆள் மூலமா வேணாம்." சொல்லிவிட்டேன் என்று அவருக்கு ஆறுதலாகத் தலையாட்டினேன். அண்ணன் என் அழைப்பை எடுத்தது அக்கா போன பிறகுதான்.

அக்காவை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்த திரிங்காப் பூத்தோட்டத்து இளைஞர்களுக்கும், இறுதிச் சடங்கை முறையோடு நடத்திய ஐயாவுக்கும், அடுப்பு மூட்டாத எங்கள் வீட்டுக்கு மூன்று வேளையும் உணவும் தேநீரும் சுமந்துவந்த அடுத்த வீட்டுச் சீன அம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. நீங்கள் இல்லாமல் அந்த நாள் எங்களுக்குக் கடந்திருக்காது.

அன்று கோடி வராமலே உச்சிப்பொழுதாகிவிட்டது. ஐயா என் முகத்தைப் பார்த்தார். "இன்னும் எவ்வளவு நேரம்மா? பங்காளிங்க யாராச்சும் போட்டுடலாமே" என்றார் ஒரு பெரியவர். மகள் மட்டும், "மாமா வருவாங்க" என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வளைவில் ஹார்ன் கேட்டது. அந்தச் சத்தம் எங்களைத் தாண்டிப் போகவில்லை.

முட்டைக்கோஸ் ஏற்றிய லாரி கடைவாசலில் நின்றது. சட்டையெல்லாம் மண்ணோடு அண்ணன் இறங்கினார். கடை உறைகூடப் பிரிக்காத சேலை கையில் இருந்தது. உறையைப் பிரித்து, அக்காவின் மேல் போர்த்தி, மடிப்பை நீவிவிட்டார். எழுந்து நேராகக் கடைக்குப் போய், யாரும் உட்காராத அந்த நாற்காலியைத் தூக்கிவந்து அக்காவின் தலைமாட்டில் போட்டார்.

"நேரமாச்சுப்பா" என்றார் பெரியவர்.

"இருங்க" என்ற அண்ணன் என் பக்கம் திரும்பினார். "தேத்தண்ணி இருக்காம்மா?"

சீன அம்மாவின் பிளாஸ்கிலிருந்து ஊற்றிக் கொடுத்தேன். அண்ணன் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அவசரப்படாமல், முழுவதையும் குடித்தார்.