ஊட்டுகிற கை

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் இருந்தவர்கள் இவ்வளவு பேர். என் வீட்டுக்காரர். அவருடைய தம்பி. தம்பி பெண்டாட்டி. அவளுடைய அண்ணன். என் மகள், மூன்று வயது. பிறகு நான்.

எங்கள் வீடு துறைமுக டவுனுக்குப் பக்கத்தில் இருக்கிற புதுக்கோட்டையில். ஒரே வீடு, ஒரே அடுப்பு. வீட்டுக்காரர் துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறார். கொழுந்தனுக்கு உப்பளத்தில் வேலை. அவன் பெண்டாட்டியை இளையவள் என்றுதான் சொல்லுவோம். அவளுக்குப் பிள்ளை இல்லை. என் மகளைத்தான் இடுப்பில் வைத்துக்கொண்டு திரிவாள்.

நான் ஊட்டினால் பிள்ளை வாயை இறுக்கிக்கொள்ளும். அவள் ஊட்டினால் திறக்கும். அவள் சோற்றைச் சின்ன உருண்டையாக உருட்டுவாள். நானும் அதே மாதிரி உருட்டிப் பார்த்தேன். பிள்ளை அதைக் கையில் வாங்கித் தரையில் வைத்தது. பெற்றவள் நான். எனக்குப் பொறுக்கவில்லை. யாரிடமும் சொன்னதில்லை.

இளையவளின் அண்ணனுக்கு டவுனில் பேக்கரி வேலை. முந்திரி மக்ரூன் போடுகிறான். மக்ரூனுக்கு முட்டையில் வெள்ளைக்கரு மட்டும்தான் வேண்டும். மஞ்சள்கரு மிஞ்சும். வேலையாட்கள் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அவனும் ஒரு தூக்கில் தங்கச்சிக்குக் கொண்டுவருவான். எப்போதும் அவள் அதில் வெங்காயம் போட்டு, கெட்டியாகும்வரை கிண்டிப் பொரித்துவிடுவாள். தின்றவர்களுக்கு ஒன்றும் செய்ததில்லை.

அன்றைக்குப் பொரிக்கவில்லை. போனில் பார்த்து மயோனைஸ் செய்தாள். பச்சை மஞ்சள்கரு, எண்ணெய், பூண்டு, எலுமிச்சம்பழம். மிக்சியில் அடித்ததும் வெண்ணெய் மாதிரி வந்தது. அந்த முட்டைகளை முந்தின நாள் சாயங்காலமே பேக்கரியில் உடைத்திருக்கிறார்கள். பிரிட்ஜில் இடமில்லை என்று மஞ்சள்கரு அங்கே அடுப்பு ஓரமாகவே இருந்திருக்கிறது. பிறகு டவுன் பஸ்ஸில் வெயிலோடு வந்திருக்கிறது. இதெல்லாம் பிறகு தெரிந்தது.

நான் சாளைக் குழம்பு வைத்திருந்தேன். யாரும் தொடவில்லை. பொரித்த கோழியை அவள் செய்ததில் முக்கி முக்கித் தின்றார்கள்.

“மதினி, உங்க மீனு இன்னும் குளிச்சுக்கிட்டே கெடக்கு. கரையேறச் சொல்லுங்க” என்றான் கொழுந்தன்.

எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்காரரும் சிரித்தார். பிள்ளை அவள் மடியில் உட்கார்ந்து மயோனைஸ் ஒட்டிய அவள் விரலைச் சூப்பிக்கொண்டிருந்தது. எனக்கும் ஒரு தட்டில் கொண்டுவந்தாள். வயிறு சரியில்லை என்றேன். வயிற்றுக்கு ஒன்றுமில்லை. அவள் செய்ததைத் தின்று நல்லா இருக்கு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

மறுநாள் விடிந்ததும் கக்கூஸ் வாசலில் வரிசை. வாந்தி, வயிற்றோட்டம், காய்ச்சல். நான் மட்டும் ஒன்றும் ஆகாமல் நின்றேன். கழுவினேன். கஞ்சி வைத்தேன். பெரியவர்கள் அந்த வாரத்துக்குள் தேறினார்கள். பிள்ளை தேறவில்லை. இரண்டாம் நாளே கண் உள்ளே போனது. மூத்திரம் நின்றுபோனது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். குளுக்கோஸ் ஏற்றினார்கள். ரத்தம் எடுத்தார்கள்.

ரிப்போர்ட் வந்த அன்று இளையவளும் வந்திருந்தாள். டாக்டரம்மா ஒரு பெயர் சொன்னார். சால்மோனெல்லா. இன்று எழுதுகிறேன், அன்று எனக்கு அது வாயில் நுழையவில்லை. இளையவள் ஒரே தடவையில் திருப்பிச் சொன்னாள். அவள் பத்தாவது பாஸ். எனக்கு மூன்றாவதோடு நின்றது. அந்த நேரத்திலும் எனக்கு அது குத்தியது.

என்ன தின்றீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். இளையவள் மறைக்காமல் சொன்னாள். பல முட்டையை ஒரே பாத்திரத்தில் உடைத்து ஊற்றினால் ஒன்றில் இருக்கிற கிருமி எல்லாவற்றுக்கும் போய்விடும் என்றார் டாக்டரம்மா. சூட்டில் வெளியே வைத்தால் பெருகும். வாசனை வராது, பார்த்தாலும் தெரியாது. நன்றாக வேகவைத்தால் சாகும். பிறகு இளையவளைப் பார்த்துச் சொன்னார்.

“உங்களுக்குக் காய்ச்சல் விட்டிருச்சு. ஆனா கிருமி இன்னும் கொஞ்ச நாள் வயித்துல இருக்கும். கக்கூஸ் போயிட்டு கை சரியாக் கழுவலன்னா அந்தக் கை வழியா அடுத்தவங்களுக்குப் போகும். டெஸ்ட்ல இல்லன்னு வர்ற வரைக்கும் சமைக்காதீங்க. பிள்ளைக்கு ஊட்டாதீங்க.”

பிள்ளை ஊசி குத்திய கையோடு கிடக்கிறது. அப்படியும், இனி அவள் ஊட்ட முடியாது என்று எனக்கு உள்ளே குளிர்ந்தது.

வீட்டுக்காரர் அவளை ஒரு வார்த்தை திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. பாவம், தெரியாமல் செய்துவிட்டாள் என்றார். என்னை அவர் ஒரு நாளும் பாவம் என்று சொன்னதில்லை.

அதற்குப் பிறகு இளையவள் வார்டுக்குள் வரவில்லை. வராண்டாவில் உட்கார்ந்திருப்பாள். நகத்தை ஒட்ட வெட்டியிருந்தாள். டெஸ்டுக்கு அவளே போய்க் கொடுத்தாள். வீட்டில் குழாயடியில் ஒரு வலைப்பையில் சோப்பைக் கட்டித் தொங்கவிட்டதும் அவள்தான். இன்றும் தொங்குகிறது. பச்சை முட்டை அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யார் வாய்க்குள்ளும் போகவில்லை.

மருந்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கியது. ஆனால் தின்னவில்லை. இப்படியே போனால் பிள்ளை தாங்காது, எப்படியாவது தின்ன வையுங்கள் என்றார் டாக்டரம்மா. கஞ்சி கொடுத்தேன். ஸ்பூனில் கொடுத்தேன். இட்லியைச் சீனி தொட்டுக் கொடுத்தேன். துப்பியது. பிள்ளையின் மணிக்கட்டு என் இரண்டு விரல் வளையத்துக்குள் அடங்கியது.

“சித்தி ஊட்டணும்.”

“ஏளா, சித்திக்குக் காய்ச்சல். அம்மா ஊட்டுதேன், வாயத் தொற.”

“நீ வேண்டாம்.”

எதிர்க் கட்டிலில் இருந்த பொம்பளை, பிள்ளை பெற்ற தாயையே வேண்டாங்குதே என்று யாரிடமோ சொன்னாள். என் காதில் விழுந்தது.

ஒரு நாள் காலையில் நர்ஸம்மா என்னிடம் வந்தார். உங்க வீட்டு ஆளுக்கு டெஸ்டில் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது, சொல்லிவிடுங்கள் என்றார். என் மடியில் ரசஞ்சோற்றுக் கிண்ணம். இளையவள் வராண்டாவில் சுவரில் சாய்ந்திருந்தாள். அவளுக்கு இன்னும் தெரியாது. சொல்ல வேண்டியது நான்தான்.

ஒரு வாய் உருட்டிப் பிள்ளை உதட்டில் வைத்தேன். முகத்தைத் திருப்பாமல் வாங்கியது. இனி அவள் வேண்டியதில்லை என்று நினைத்தேன். அடுத்த வாயைத் துப்பியது. அதற்கடுத்ததையும். பிறகு கண்ணை மூடிக்கொண்டது. கழுத்து எலும்பு தெரிந்தது.

நான் எழுந்து வாசலுக்குப் போனேன்.

“ஏளா, ஒனக்கு ஒண்ணுமில்லன்னு வந்துட்டு.”

அவள் எழுந்தாள். என் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தாள்.

“நான் ஊட்டலாமாக்கா?”

“கையக் கழுவிட்டு வா.”

குழாயில் நின்று கழுவினாள். சோப்புப் போட்டு, விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்து. சேலையில் துடைக்கவில்லை. ஈரத்தை உதறிக்கொண்டு வந்தாள். நான் கட்டிலை விட்டு எழுந்து இடம் கொடுத்தேன். கிண்ணத்தைக் கொடுத்தேன்.

பிள்ளை கண்ணைத் திறந்தது. வாயையும் திறந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். ஆனாலும் எத்தனை வாய் என்று எண்ணினேன்.

என் கையில் ஒன்று. அவள் கையில் பதினொன்று.