பாதி மூட்டைக்குச் சொந்தக்காரி

தொண்ணூற்றொன்பதில், கம்ப்யூட்டர் படித்தவர்கள் எல்லாம் அமெரிக்காவுக்கு விமானம் ஏறிக்கொண்டிருந்தபோது நான் கொல்லிமலைக்கு பஸ் ஏறினேன். அங்கே சோளக்காடு என்ற ஊரில் ஒரு மிளகு மண்டி. அதன் முதலாளி தலையில் யாரோ ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கட்டியிருந்தார்கள். அதை ஓட்ட ஆள் வேண்டியிருந்தது. எனக்கு ஊர் அடிவாரத்தில், பேளுக்குறிச்சிப் பக்கம். வேலை நிலைக்கவில்லை என்றால் அடுத்த முகூர்த்தத்திலேயே உரக்கடை வைத்திருக்கும் அத்தை மகனுக்குக் கட்டி வைத்துவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். அவன் நல்லவன்தான். யூரியாவைத் தவிர வேறெதுவும் பேசமாட்டான், அவ்வளவுதான்.

ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு மூட்டைக்கும் என் புரோகிராம் மெமரியில் ஒரு ஆப்ஜெக்டை, அதாவது ஒரு தகவல் பொட்டலத்தைப் பிறப்பிக்கும். யார் கொண்டு வந்தது, என்ன எடை, யார் எடுத்தது எல்லாம் அதற்குள் இருக்கும். அதைப் பார்த்துத்தான் வாங்கியவருக்கு கேட் சீட்டு அச்சாகும். மூட்டை வெளியே போனதும் ஆப்ஜெக்டை அழித்துவிட வேண்டும். நான் எழுதிய சி பிளஸ் பிளஸ் என்ற கம்ப்யூட்டர் மொழியில் பெற்றவளேதான் கருமாதியும் செய்தாக வேண்டும். மெஷின் தானாக ஒரு துரும்பையும் கூட்டிப் பெருக்காது.

எனக்கு ஆரம்பத்தில் பெற மட்டும்தான் தெரிந்திருந்தது. உற்சாகமாகப் பெற்றுத் தள்ளினேன். மூட்டைகள் லாரி ஏறிப் போன பிறகும் ஆப்ஜெக்டுகள், விருந்து முடிந்தும் கிளம்பாத சொந்தக்காரர்களைப் போல மெமரியில் சட்டமாக உட்கார்ந்திருந்தன. மதியத்துக்குள் இடம் நிரம்பி மெஷின் அசையாமல் நின்றுவிடும்.

“ஏனுங்க, பொட்டி சோறு தின்னுட்டுத் தூங்குதுங்களா?” என்று சீட்டுக்கு நிற்கும் வியாபாரிகள் கேட்டுவிட்டுப் போவார்கள்.

ரோஷம் வந்துவிட்டது. சீட்டு அச்சான அடுத்த நொடியே ஆப்ஜெக்ட் சாகும்படி மாற்றினேன். மெஷின் தூங்கவில்லை. வேறு வினை வந்தது.

அந்த மண்டியில் ஒரு வழக்கம் உண்டு. முழு மூட்டைக்கு வசதி இல்லாத சில்லறை வியாபாரிகள் இரண்டு பேர் சேர்ந்து ஒரே மூட்டையை ஏலம் எடுப்பார்கள். களத்தில் சாக்கை விரித்துப் பாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். ஒருவர் முதல் பஸ்ஸில் போவார், மற்றவர் தோதுப்பட்டபோது கிளம்புவார். எனக்குச் சொல்லிக் கொடுத்த கல்லூரியில் ஒரு மூட்டைக்கு எப்போதும் ஒரே சொந்தக்காரர்தான்.

சந்தையில் கடை போடும் அக்கா ஒருத்தி என்னிடம் வந்து மாட்டினாள். அவளுடைய கூட்டாளி முன்பே சீட்டு வாங்கிப் போய்விட்டார். அவரோடு ஆப்ஜெக்டும் போய்விட்டது. இவள் வந்தபோது புரோகிராம் அதே பழைய இடத்தில் போய்த் தேடியது. அங்கே வேறு ஏதோ குடியேறியிருந்தது. இந்த மலையையே அள்ளிக்கொண்டு போகிற எடையோடு, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பேய்க் கிறுக்கலோடு சீட்டு வந்து விழுந்தது. வாட்ச்மேன் அவளை வெளியே விடவில்லை. பஸ் போய்விட்டது.

“எம்பட மொளகு கையிலயே இருக்குது. உம்பட பொட்டி இல்லீங்குதா? இதப் படிக்கவா உங்கொப்பன் செலவு பண்ணுனான்?”

மண்டியே வேடிக்கை பார்த்தது. முதலாளி கடைசியாக வந்தார்.

“அடுத்த ஏலத்துக்கும் இதே கூத்துன்னா பொட்டிய வாழக்கா லாரியில ஏத்தி உட்ருவேன் கண்ணு. நீயும் அதுலயே போயிரலாம்.”

எனக்கு அப்போதே யூரியா வாசனை அடித்தது. பயத்தில் மூளை வேலை செய்தது. ஒவ்வொரு ஆப்ஜெக்டும் தன்னை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று தானே எண்ணி வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் போனால் எண்ணிக்கையில் ஒன்று குறையும். ஒருவராவது பிடித்திருக்கும்வரை சாகக் கூடாது, கடைசி ஆளும் விட்டால்தான் சாகலாம். ஏலத்தன்று காலைவரை இதை எழுதினேன்.

அன்றைக்கும் அந்த அக்கா கூட்டாகத்தான் எடுத்தாள். கூட்டாளி முதலில் போனார். பிறகு அவள் வந்து, இடுப்பில் கை வைத்தபடி பிரின்டரை முறைத்தாள். சீட்டு வந்தது. எடை சரி, பெயர் சரி. வெடுக்கென்று கிழித்துக்கொண்டு கேட்டுக்கு நடந்தாள். அதற்குள் மதியமும் தாண்டியிருந்தது, மெஷின் விழித்தே இருந்தது.

முதலாளிக்கு வாயெல்லாம் பல். “அருமை கண்ணு! இனி அதுவே ஓடிக்கும். இந்த மாசத்தோட நீ ஊட்டுக்குப் போயிரு. சும்மா எதுக்குப் பொட்டிக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணுன்னு ரெண்டு செலவு?”

சொதப்பினாலும் லாரி, சரியாகச் செய்தாலும் லாரி என்றால் மனுஷி என்னதான் செய்வது? சாப்பாட்டுத் தூக்கை எடுத்துப் பையில் திணித்தேன்.

கேட்டருகே போயிருந்த அக்கா தன் பாதி மூட்டையைப் பொத்தென்று இறக்கி வைத்தாள். “ஏனுங்க, அடுத்த வாரம் நாங்க மூணு பேரு சேந்து எடுக்கறோம். அப்ப இது கோணுச்சுன்னா நீங்களா வந்து நிமித்துவீங்க? புள்ள இருக்கட்டும். இல்லீனா நாங்க வேற மண்டிக்குப் போறோமுங்க.”

முதலாளி தலையைச் சொறிந்துகொண்டே டீ சொல்லப் போனார். டீயில் எனக்கும் ஒன்று வந்தது.

ஒருவர் பிடித்திருந்தாலும் அழிக்கக் கூடாது என்று அன்று காலையில்தான் எழுதி முடித்திருந்தேன். அதை மூட்டைகளுக்கு மட்டும்தான் எழுதியதாக நினைத்திருந்தேன்.