நீலக் குகையும் அழுகிற பறவைகளும்

நான் பொய்காரி இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலாம் வகுப்பில், முழு வகுப்பும் எல்லாருடைய தாய் தகப்பன்மாரும் பார்த்துக்கொண்டிருக்க, என் சொந்த அம்மா என்னைப் பொய்காரி ஆக்கினார். இன்றுவரை அதற்காக ஒரு வார்த்தை வருத்தம் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டார். அவரைப் பொறுத்தவரை அது கறிக்கு உப்புப் போடுவது மாதிரி. யோசிக்க அதில் ஒன்றுமில்லை.

அப்போது நாங்கள் டென்மார்க்கில், இஷொய் என்ற ஊரில், மாடிக் கட்டடம் ஒன்றின் ஐந்தாம் தளத்தில் இருந்தோம். அம்மா, அப்பா, நான், தொட்டிலில் தம்பி. அம்மாவின் தம்பி, என் சின்ன மாமா, அந்த ஆண்டு நத்தார், அதுதான் கிறிஸ்துமஸ், முடிந்து பனி கொட்டிக்கொண்டிருந்த நாட்களில் வந்து சேர்ந்தார். அகதி முகாமில் அவருக்கு ஒரு கட்டில் கொடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வருவார், ஞாயிறு திரும்பிப் போவார். "மாமா பிளேனிலை நேரா இஞ்சை வந்தவர்" என்று அம்மா எனக்குச் சொல்லிவைத்திருந்தார். ஏன் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார் என்று நான் யோசிக்கவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு யாரும் பிளேனில் வந்தால் என்ன, நடந்து வந்தால் என்ன?

மாமா நல்லவர். அதிகம் கதைக்கமாட்டார். அவரிடம் ஒரு பழக்கம்தான் எங்களுக்கு விளங்கவில்லை. தம்பி அழத் தொடங்கினால் எழுந்து பல்கனிக்குப் போய்விடுவார். ஜாக்கெட் கூடப் போடாமல், பனியில். அழுகை நின்ற பிறகுதான் உள்ளே வருவார். "உவன் சிகரெட் பழகிட்டான்" என்று அம்மா உள்ளே நின்று திட்டுவார்.

வசந்தகாலத்தில் ஆசிரியை எங்களுக்கு ஒரு வேலை தந்தார். தலைப்பு: போய்ப் பார்க்கவேண்டிய இயற்கைக் காட்சிகள். ஆளுக்கு ஓர் இடம். மற்றப் பிள்ளைகளுக்குச் சுலபம். ஒருத்தி நோர்வே மலை என்றாள், ஒருத்தன் மோன் தீவின் வெள்ளைப் பாறை என்றான். நான் எங்கே போயிருக்கிறேன்? எங்கள் ஆட்கள் விடுமுறைக்குப் போவது கல்யாணவீட்டுக்கும், பெரியபிள்ளையான பெண்களின் சாமத்தியவீட்டுக்கும்தான். லண்டனில் நான் பார்த்த இயற்கைக் காட்சி, மண்டபத்தின் கார் நிறுத்துமிடம். பாரிஸிலும் அதேதான், கார்கள் மட்டும் வேறு.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சமையலறை மேசையில் வெறும் தாளை வைத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். அம்மா முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போயிருந்தார். மாமா எதிரே வந்து உட்கார்ந்தார்.

"என்ன பிள்ளை, அழுறியே?"

சொன்னேன். மாமா தாளைத் தன் பக்கம் இழுத்தார்.

"ஒரு தீவு இருக்கு" என்றார்.

அந்தத் தீவின் பெயரை இங்கே எழுதமாட்டேன். இத்தனை வருடம் கழித்தும் அம்மா எழுதாதே என்கிறார். மத்தியதரைக் கடலில், வரைபடத்தில் பேனா முனை பட்ட அளவுக்கு ஒரு புள்ளி. அவ்வளவு போதும்.

மாமா என் வண்ணப் பென்சில்களை எடுத்து வரைந்தார். தேன் நிறத்தில் செங்குத்தாகக் கடலுக்குள் இறங்கும் பாறை. யானை முழந்தாளிட்டுத் தண்ணீர் குடிப்பது மாதிரி ஒரு கல். சிவப்பு மணல். அதற்குப் பிறகு குகை. குகையை வரையும்போது நீலப் பென்சிலை அழுத்தி அழுத்தித் தேய்த்தே முடித்துவிட்டார்.

"விடியக்காலமை வெளிச்சம் மேலாலை வராது. தண்ணிக்குக் கீழாலை வரும். கூரை, கல்லு, ஆக்களின்ரை முகம் எல்லாம் நீலமாப் போயிடும்."

"நீங்கள் அதுக்குள்ளை நிண்டனீங்களோ, மாமா?"

"ஓம். படுத்தே இருந்தனான்."

"குளிரேல்லையோ?"

"குளிர்தான். இஞ்சை வாறதுக்குக் கொஞ்சம் முன்னம்தானே. ஆனா பனி இல்லை."

"அங்கை என்ன மிருகம் இருக்கு? டீச்சர் மிருகமும் எழுதச் சொன்னவ."

மாமா பென்சிலின் கட்டையை உருட்டிக்கொண்டிருந்தார்.

"பறவையள்" என்றார். "கைக்குழந்தையள் அழுற மாதிரிக் கத்தும். இருட்டின பிறகு."

நான் எல்லாவற்றையும் டேனிஷில் எழுதிக்கொண்டேன். யாருக்கும் சொல்லாதே என்று அவர் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் அவர் படித்த காலத்தில் வீட்டுப்பாடம் என்றால் கொப்பியில் எழுதுவது, வாத்தியார் சிவப்பு மையால் சரி போட்டுத் திருப்பித் தருவது. அதை ஒரு பிள்ளை எழுந்து நின்று ஊருக்கே சொல்லும், கேட்கப் பெற்றோர் கேக் சாப்பிட வருவார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அம்மாவுக்குத் தெரியும். ஆனால் அம்மா "படி, படி" என்பாரே தவிர, என்ன படிக்கிறாய் என்று கேட்டதே இல்லை. எங்கள் வீடுகளில் பிள்ளைகளிடம் யாரும் எதையும் சொல்வதில்லை, எதையும் கேட்பதும் இல்லை. பிறகு பிள்ளை வாயைத் திறந்துவிட்டால் மட்டும் வானம் இடிந்து விழுந்துவிடும்.

பின்னாளில் எனக்குத் தெரியவந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மற்றது விளங்காது. சட்டம் ஒன்று இருக்கிறது. அகதி ஐரோப்பாவில் முதலில் எந்த நாட்டு மண்ணில் கால் வைத்தானோ, அங்கேயே அவனைத் திருப்பி அனுப்பலாம். மாமா கரை ஏறியது அந்தத் தீவில், ஆனால் அதிகாரிகளிடம் நேரே கோபன்ஹேகனில் வந்து இறங்கியதாகச் சொல்லியிருந்தார். வழக்கு முடியவில்லை. அந்தத் தீவின் பெயரும் அவர் பெயரும் ஒரே வாயிலிருந்து, கேட்கக்கூடாத ஒரு காதில் விழுந்தால், அவர் போகவேண்டியதுதான்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. அப்பாவுக்குத் தொழிற்சாலையில் பின்னேர வேலை. அம்மா காலையிலிருந்து ரோல்ஸ் பொரித்தார். டேனிஷ் தாய்மார் ஆளுக்கொரு கேக் கொண்டுவந்தால் எங்கள் வீட்டிலிருந்து பெரிய சட்டி நிறைய ரோல்ஸ் போகவேண்டும், இல்லையென்றால் மானம் போய்விடும். தம்பியின் வண்டியை ஒரு கையில் தள்ளிக்கொண்டு சட்டியைத் தூக்க முடியாது. அதனால் மாமாவையும் வரச் சொன்னார். இந்த ரோல்ஸ் இல்லையென்றால் மாமா அங்கே வந்திருக்கவே மாட்டார்.

வகுப்பு வாசலில் அம்மா தமிழில் மெதுவாகச் சொன்னது என் காதிலும் விழுந்தது.

"அந்தா, பச்சைச் சால்வை போட்டவ. பிள்ளையின்ரை சினேகிதியின்ரை தாய். அகதியளின்ரை அலுவல் பாக்கிற கந்தோரிலை வேலை. நல்ல மனுசி. ஆனா நீ வாயைத் திறக்காதை."

"எனக்கென்ன டேனிஷ் தெரியுமே, அக்கா, வாயைத் திறக்க?" என்று மாமா சிரித்தார்.

என் முறை வந்தது. மாமா வரைந்த படத்தைப் பலகையில் ஒட்டினேன். மாமாவின் முகம் மாறியதைப் பார்த்தேன். சந்தோசம் என்று நினைத்தேன். தீவின் பெயரைச் சத்தமாகச் சொன்னேன். மாமா எந்தத் தீவு வழியாக வந்தார் என்று அம்மாவும் கேட்டதில்லை, அதனால் அவருக்குத் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. ஏதோ புத்தகத்தில் எடுத்தேன் என்று நினைத்துத் தலையாட்டிக்கொண்டு கேக் சாப்பிட்டார். யானைக் கல் சொன்னேன். சிவப்பு மணல் சொன்னேன். நீலக் குகையில் விடியற்காலை வெளிச்சம் கீழிருந்து வரும் என்று சொன்னேன்.

பச்சைச் சால்வைக்காரி கையை உயர்த்தினார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"நாங்கள் போன கோடையில் அங்கேதான் இருந்தோம்! அந்தக் குகைக்கும் போனோம். ஆனால் படகுகள் பத்து மணிக்குத்தானே தொடங்கும். விடியற்காலையில் எப்படி இருக்கும் என்று உனக்கு எப்படித் தெரியும்?"

நான் காத்திருந்த கேள்வி இது. என்னை ஒருவர் கேட்கவேண்டும், நான் பெருமையாகச் சொல்லவேண்டும்.

"என் மாமா அதற்குள்ளே படுத்திருந்தவர்" என்றேன். கையை நீட்டி மாமாவைக் காட்டினேன்.

அம்மாவின் கையிலிருந்த முள்ளுக்கரண்டி அப்படியே நின்றது. எல்லாத் தலைகளும் திரும்பின. மாமாவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் தன்னைப் பார்க்கிறார்கள் என்பதும் பலகையில் தன்னுடைய குகை தொங்குகிறது என்பதும் விளங்கியது. கையிலிருந்த காகிதத் தட்டு வளைந்து ரோல்ஸ் ஒன்று தரையில் உருண்டது. அவர் குனிந்து எடுக்கவில்லை.

அம்மா கண்ணால் என்னை நிறுத்தப் பார்த்தார். நான் நிற்கவில்லை. ஏன் நிற்கவேண்டும்? யாரும் எனக்கு ஒன்றும் சொல்லவில்லையே.

"அங்கே பறவைகளும் உண்டு" என்றேன். "இருட்டிய பிறகு கைக்குழந்தைகள் மாதிரி அழும். மாமா கேட்டிருக்கிறார்."

"ஓ, அந்தப் பறவைகள்!" என்றார் அவர். "நாங்களும் கேட்டோம். உடம்பு சிலிர்க்கும். மாமாவும் கோடையில்தான் போனாரா? இலையுதிர்காலத்தோடு அவை கடலுக்குப் போய்விடும். வசந்தத்தில்தான் திரும்பி வரும் என்று படகுக்காரர் சொன்னார்."

"இல்லை" என்றேன். தவறாகச் சொன்னால் திருத்துவதுதானே பள்ளிக்கூடம். "நத்தாருக்குக் கொஞ்சம் முன்னம். குளிராக இருந்ததாம்."

அந்தப் பெண்ணின் சிரிப்பு நின்றது. மாமாவைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியாது.  வண்டியில் தம்பி சிணுங்கத் தொடங்கினான். மாமா கதவுப் பக்கம் ஓர் அடி நகர்ந்து, அதற்கு மேல் போகமுடியாமல் நின்றார்.

அம்மா எழுந்தார். அவருடைய டேனிஷ் எப்போதும் கொஞ்சம் தடுமாறும். அன்றைக்குத் தடுமாறவில்லை.

"இவள் கற்பனை செய்கிறாள். என் தம்பி அங்கே போனதே இல்லை. தொலைக்காட்சியில் பார்த்ததை வைத்துக் கதை கட்டுகிறாள். வீட்டிலும் இப்படித்தான். பொய் சொல்வாள்."

நான் மாமாவிடம் தமிழில் கத்தினேன்.

"மாமா, நீங்கள்தானே சொன்னீங்கள்! நீங்கள்தானே கீறினீங்கள்! சொல்லுங்கோவன்!"

மாமா என்னைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த ரோல்ஸைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்டும் தெரியாது, பிள்ளை."

அப்போதும் ஒரு நம்பிக்கை எனக்கு இருந்தது. பச்சைச் சால்வைக்காரிக்கு அந்த இடம் தெரியும். நான் சொன்ன யானைக் கல், சிவப்பு மணல் எல்லாம் உண்மை என்று தெரியும். அவர் எனக்காக ஒரு வார்த்தை சொல்வார் என்று அவர் முகத்தையே பார்த்தேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். ஆசிரியையைப் பார்த்துச் சொன்னார்:

"ஆமாம், அந்த நிகழ்ச்சியை நானும் பார்த்தேன். நீலக் குகை பற்றியது. நல்ல நிகழ்ச்சி. பறவைகள் விஷயத்தில்தான் கொஞ்சம் பிழை விட்டிருந்தார்கள்."

எல்லாரும் சிரித்தார்கள். மூச்சு விட்ட மாதிரிச் சிரிப்பு. ஆசிரியை என் தோளில் கை வைத்து, கற்பனை நல்லதுதான், ஆனால் எது உண்மை என்று பிரித்துச் சொல்லவேண்டும் என்றார். பின்வரிசை வாங்கில் இருந்த ஒருத்தன் "பொய்காரி" என்றான். ஆறாம் வகுப்புவரை அதுதான் என் பெயர்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா படத்தைக் கிழித்து வாழைப்பழத் தோலுக்குக் கீழே அமுக்கினார். என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் அடித்ததற்காவது கோபப்பட்டிருப்பேன். அதற்குப் பிறகு வாரக்கணக்கில், கதவு மணி அடித்தால் அம்மா முதலில் திரைச்சீலைப் பக்கம் போவார், பிறகுதான் கதவுக்கு. யாரும் வரவில்லை. அடுத்த ஆண்டு மாமாவுக்கு விசா கிடைத்தது. இப்போது டோஸ்ட்ருப்பில் வீடு, மனைவி, பிள்ளைகள். கோடையில் பிள்ளைகள் கடலுக்குப் போவோம் என்றால் காட்டுக்குக் கூட்டிப்போகிறார்.

எனக்கு யாரும் உட்காரவைத்து விளக்கம் சொல்லவில்லை. சட்டத்தை நானே படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த நிகழ்ச்சியையும் தேடினேன். அப்படியொன்று இல்லை. அந்தப் பெண் என்னைக் கைவிட்டார் என்று எத்தனை வருடம் கறுவிக்கொண்டு திரிந்தேன். அவர் மகளின் பிறந்தநாளுக்குக்கூடப் போகவில்லை. அவர் அன்றைக்குத் தன் வேலையையே பணயமாக அந்தக் கேக் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஒரு பொய் சொன்னார் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

போன கோடையில் தனியாக அந்தத் தீவுக்குப் போனேன். வீட்டில் கிரேக்க நாட்டுக்குப் போறன் என்று சொல்லிவிட்டுப் போனேன். எங்கள் வீட்டில் வளர்ந்தவளுக்கு அந்தளவு பொய் வராதா? யானைக் கல் இருக்கிறது. சிவப்பு மணல் இருக்கிறது. பத்து மணிப் படகில் குகைக்குள் போனேன். எல்லாரும் ஆ என்றார்கள். இருட்டிய பிறகு பாறை உச்சியில் நின்று பறவைகளையும் கேட்டேன். கைக்குழந்தைகளேதான். பக்கத்தில் நின்ற தம்பதி ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டே சிரித்தார்கள்.

படகுக்காரனிடம் நத்தார் காலத்தில் வந்தால் இதைக் கேட்கலாமா என்று கேட்டேன். பதில் எனக்குத் தெரியும். இருந்தும் கேட்டேன். அவன் இல்லை என்று தலையை ஆட்டினான். அப்போது இந்தப் பாறையில் ஒரு பறவையும் இருக்காது, கடல் சத்தம் மட்டும்தான் என்றான்.

பச்சைச் சால்வைக்காரிக்கு அது வகுப்பிலேயே விளங்கிவிட்டது. அதனால்தான் அப்படிப் பார்த்தார். குளிர்காலத்தில், அந்தக் குகைக்குள், இருட்டில் அழுதது எது என்று பத்து வயதில் எனக்கு விளங்கவில்லை. டீச்சர் மிருகம் கேட்கிறார் என்று அடம்பிடித்த பிள்ளைக்கு மாமா பறவை என்று சொல்லிக் கொடுத்தார். எத்தனை குழந்தைகள், அவர்களுக்கு என்ன ஆனது என்று நான் இன்னும் கேட்கவில்லை.

மாமா வாழ்நாளில் ஒரு சிகரெட் பிடித்ததில்லை.