பெரியப்பாவின் மூன்று புள்ளிகள்

எங்கள் பெரியப்பாவும் பெரியம்மாவும் சேர்ந்து எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் மூக்குக் கண்ணாடிக் கடை நடத்துகிறார்கள். கண் பரிசோதிப்பது பெரியம்மா, அதற்கென்றே படித்தவர். கண்ணாடியை வெட்டி, விளிம்பைத் தேய்த்து, சட்டத்தில் பொருத்துவது பெரியப்பா. எங்கள் தெருவில் நாற்பதைத் தாண்டியவர்களில் பாதிப் பேர் முகத்தில் அவர் பொருத்திய கண்ணாடிதான் இருக்கிறது. அவர் முகத்தில் மட்டும் இல்லை.

"ஒரு தடவை உங்க கண்ணைக் காட்டுங்களேன்" என்று பெரியம்மா கேட்கும்போதெல்லாம், "நட்சத்திரத்தையே ரெண்டாப் பிரிச்சுப் பார்க்கிறவன்கிட்ட வந்து கண்ணைக் காட்டுன்னா எப்படிம்மா?" என்பார்.

அவர் சொன்னது வெறும் வீம்பு இல்லை. வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் சில நட்சத்திரங்கள் தொலைநோக்கியில் இரண்டாகப் பிரியும். அவற்றில் சில ஜோடிகள் உண்மையாகவே ஒன்றையொன்று சுற்றுகின்றன. ஒரு சுற்று முடிய ஓர் ஆயுளும் ஆகலாம், இரண்டு ஆயுளும் ஆகலாம். அளப்பவர் குறிக்க வேண்டியது இரண்டே எண்கள். ஒன்றிலிருந்து மற்றது எந்தப் பக்கம் இருக்கிறது என்ற கோணம், எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற இடைவெளி. அதைத் தாளில் ஒரு புள்ளியாக வைக்க வேண்டும். அடுத்த ஆண்டு இன்னொரு புள்ளி. இப்படிப் பல பேர் பல காலம் வைத்த புள்ளிகள் சேர்ந்தால் ஒரு நீள்வட்டத்தின் வளைவு தென்படும். அந்த நீள்வட்டத்தைக் கணக்கிட்டுவிட்டால் அந்த ஜோடி எந்த ஆண்டில் எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று பெரியம்மா கேட்டதுண்டு. அந்தக் கேள்விக்கான விடையைப் பெரியப்பா இன்னும் கணக்கிடவில்லை.

இப்படி அளப்பவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. அதன் பட்டியலில் அளவுகளை அச்சிடும்போது அளந்தவர் பெயரைப் போடுவதில்லை. மூன்றெழுத்துக் குறியீடு மட்டும்தான். சுற்றுப்பாதையைக் கணக்கிட்டவருக்குத்தான் முழுப் பெயர். பெரியப்பா இத்தனை காலம் மூன்றெழுத்தாகவே வாழ்ந்துவிட்டார். ஒரு தடவையாவது முழுப் பெயராகிவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை.

அதற்காக, யாரும் இப்போது சீண்டாத ஒரு ஜோடியைப் பிடித்தார். பழைய காலத்தில் பெரிய ஆய்வுக்கூடங்கள் வைத்த புள்ளிகள் அதற்கு இருந்தன. அப்புறம் நீண்ட இடைவெளி. கடைசி மூன்று புள்ளிகள் பெரியப்பாவுடையவை. அவற்றை வைத்து ஒரு சுற்றுப்பாதையும் போட்டார். அந்த இரண்டு நட்சத்திரங்களும் இன்னும் பல ஆண்டுகளுக்கு அதே கோணத்தில், மயிரிழை இடைவெளியில் தெரிந்துகொண்டே இருக்கும் என்பது அவர் கணக்கு.

இன்னொரு ஊரில் இதே வேலையாக இருப்பவர், ஓய்வுபெற்ற பாலம் கட்டும் பொறியாளர். எங்கள் வீட்டில் அவர் பெயர் பாலக்காரர். அவரும் அதே புள்ளிகளை எடுத்து வேறொரு பாதை போட்டிருந்தார். அவர் கணக்குப்படி இந்த ஆண்டே இரண்டும் ஒட்டி, ஒரே உருண்டையாகத் தெரிய வேண்டும். எந்தப் பாதையை அச்சிடுவது என்று சங்கத்தின் செயலாளருக்குக் குழப்பம். "இருவரும் சேர்ந்து பார்த்து முடிவு சொல்லுங்கள்" என்று எழுதிவிட்டார்.

பாலக்காரர் ஒரு சாயங்காலம் வந்து இறங்கினார். நெடுநெடுவென்ற உயரம், அதற்கேற்ற தாடை. இருட்டியதும் இருவரும் மொட்டை மாடிக்குப் போனார்கள். காய்ந்த துணியை எடுக்கப் போன நான், நடந்ததைப் பார்த்தேன்.

தொலைநோக்கியில் பெரியப்பா ஒரு தாடைத் தாங்கியைச் சற்றுச் சாய்வாக மாட்டியிருந்தார். கடையில் கழித்துப்போட்ட கண் பரிசோதனைக் கருவியிலிருந்து கழற்றியது. அளக்கும்போது தலையை எப்போதும் ஒரே மாதிரி வைக்க வேண்டும், அப்போதுதான் தவறு நேர்ந்தாலும் ஒரே தவறாக இருக்கும் என்பது இந்த வேலையில் உள்ளவர்களின் விதி. பெரியப்பா அந்த விதியைத் திருகாணி போட்டு முடுக்கியிருந்தார். அதை மாட்டிய பிறகுதான் அந்த மூன்று புள்ளிகளும் வந்தன. மூன்றும் அச்சில் வார்த்ததுபோல ஒரே கோணம்.

"பாருங்க சார். நீளமா, முட்டை மாதிரி இல்ல? ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல நிக்குது" என்றார் பெரியப்பா.

பாலக்காரரின் தாடை தாங்கியில் அடங்கவில்லை. "இது யார் மூஞ்சிக்கு செஞ்சது சார்?" என்று அதைக் கழற்றி வைத்துவிட்டுக் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"முட்டையும் இல்ல, கோழியும் இல்ல. உருண்டையா ஒரே ஒரு நட்சத்திரம்."

"உங்க கண்ணுல கோளாறு."

"போன வருஷம்தான் சார் ஆபரேஷன் பண்ணேன். புது லென்ஸ். உங்க கடையில இருக்கிறதைவிடப் புதுசு."

பெரியப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. மாடிப்படியில் நின்று, "ஏம்மா, கொஞ்சம் மேல வா! இவருக்குக் கண்ணு டெஸ்ட் பண்ணணும்!" என்று கத்தினார்.

பெரியம்மா கடையைச் சாத்திவிட்டு வந்தார். முதலில் தானே குனிந்து பார்த்தார். "ஒண்ணுதாங்க இருக்கு. வட்டமா."

"நல்லாப் பாரு."

"காலையிலேர்ந்து ஊர்க்கண்ணையெல்லாம் நல்லாப் பார்த்துட்டுத்தான் வந்திருக்கேன். நீங்க பாருங்க. தாங்கி வேண்டாம். சும்மா பாருங்க."

பெரியப்பா பார்த்தார். "நீளமாத்தான் இருக்கு!"

"இப்போ தலையை இந்தப் பக்கம் சாய்ங்க."

கடைக்கு வரும் எல்லோரிடமும் சொல்லும் அதே குரலில்தான் சொன்னார். பெரியப்பா தலையைச் சாய்த்தார். அப்புறம் மறுபக்கம் சாய்த்தார். மறுபடியும் இந்தப் பக்கம்.

"என்ன சார், நட்சத்திரம் தலையாட்டுதா?" என்றார் பாலக்காரர்.

பெரியப்பாவின் தலை சாய்ந்தபோது நீளமும் சேர்ந்து சாய்ந்திருந்தது. வானத்தில் இருக்கும் பொருள் நம் கழுத்துக்குக் கட்டுப்படாது. கட்டுப்படுகிறது என்றால் அது வானத்தில் இல்லை.

மூவரும் கீழே கடைக்கு வந்தார்கள், பின்னாலேயே நானும். ஆயிரம் பேரை உட்காரவைத்த நாற்காலியில் பெரியப்பா முதல் தடவையாக உட்கார்ந்தார். சக்கரத்தின் ஆரங்கள் மாதிரி கோடுகள் போட்ட படத்தைக் காட்டி, எந்தக் கோடு கறுப்பாகத் தெரிகிறது என்று பெரியம்மா கேட்டார். பிறகு ஒவ்வொரு கண்ணாடியாக மாற்றினார்.

"சிலிண்டர் இருக்கு, வட்டத்தையும் நீளமாக் காட்டுற கோணல். கொஞ்சநஞ்சம் இல்ல. இத்தனை நாள் எப்படித்தான் விளிம்பு தேய்ச்சீங்களோ!"

"ஆக்சிஸ் எவ்வளவு?"

பெரியம்மா சொன்னார். கண்ணின் கோணல் எந்தத் திசையில் இருக்கிறது என்பதைக் காட்டும் எண் அது. பெரியப்பா ஒரு துண்டுத் தாளில் அதை எழுதி, தாடைத் தாங்கியின் சாய்வைக் கழித்தார். அவர் முகம் மலர்ந்தது.

"பார்த்தியா? ஒரு டிகிரிகூடப் பிசகல! மூணு வருஷமும் இதே கோணம்தான் எழுதியிருக்கேன்."

"அப்போ மூணு வருஷமா உங்க கண்ணையே அளந்திருக்கீங்க."

"எதை அளந்தா என்ன? அளவு சுத்தமா இருக்கா, இல்லையா?"

பாலக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஜெயித்தவர் சிரிக்காமல் என்ன செய்வார்? ஆனால் பெரியம்மா டீ கொண்டுவந்து வைத்தபோது அவர் கை டம்ளருக்குப் போகவில்லை.

"சார், அந்த மூணு புள்ளியையும் வாபஸ் வாங்கிட்டா..."

"வாங்கிட்டா?"

"என் பாதையும் வளையாதே சார். அது திரும்புற இடமே உங்க புள்ளியிலதான் இருக்கு."

பாலக்காரர் குரலைத் தாழ்த்தினார். "எதுக்கு அவசரம்? கண்ணுல கோணல் யாருக்குத்தான் இல்ல? ரெண்டு பாதையையும் போடச் சொல்லி எழுதுவோம். உங்க பேரும் வரும், என் பேரும் வரும். எது தப்புன்னு நட்சத்திரம் காட்டுறதுக்குள்ள நாம ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்திருப்போம்."

பெரியப்பாவைத் தோற்கடிக்க வந்தவர், அவர் தோற்றுவிடக் கூடாது என்று மன்றாடிவிட்டு ஊருக்குப் போனார்.

அந்த யோசனை பெரியப்பாவுக்குப் பிடிக்காமல் இல்லை. சில நாள் செயலாளருக்கு எழுதாமலே இருந்தார். தானே வெட்டிப் பொருத்திய புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தினமும் மாடிக்குப் போவார். உருண்டையான ஒற்றை நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு, குறிக்க ஒன்றுமில்லாமல் இறங்கி வருவார்.

"எழுதிட வேண்டியதுதானே?" என்றார் பெரியம்மா.

"நீ என்ன, சுலபமாச் சொல்ற. பேர் போயிடும்மா."

"சரி, எழுதாதீங்க."

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் பொறக்கிறதுக்கு முன்னாடி எவனோ ஒருத்தன் வச்ச புள்ளியை நான் கண்ணை மூடிக்கிட்டு நம்பினேன். அவன் பேரு எனக்குத் தெரியாது. நாளைக்கு எவனாவது என் புள்ளியை நம்பி உட்கார்ந்து கணக்குப் போடுவான். அவனை நினைச்சாத்தான் தூக்கம் வரமாட்டேங்குது."

மறுநாள் கடிதம் போய்விட்டது.

பட்டியல் அச்சாகி வந்தது. அந்த ஜோடிக்கு எதிரே 'சுற்றுப்பாதை தெரியவில்லை' என்று இருந்தது. பாலக்காரர் பெயரும் இல்லை, பெரியப்பா பெயரும் இல்லை. ஆனால் கடைசிப் பக்கத்தில் திருத்தங்கள் என்ற தலைப்பின் கீழே, அவருடைய மூன்று அளவுகள் பார்வையாளரின் கண் குறைபாட்டால் செல்லாதவை என்று ஒரு வரி இருந்தது. தவறுக்குப் பொறுப்பானவர் யார் என்பது தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சங்கத்தில் ஒரு விதியாம். அதனால் அந்த வரியில் பெரியப்பாவின் பெயரை இனிஷியலோடு முழுசாகப் போட்டிருந்தார்கள்.

பெரியப்பா அதைக் கடையில் இரண்டு தடவை உரக்கப் படித்தார். கண்ணாடி வாங்க வந்தவர் ஏதோ பரிசு கிடைத்திருக்கிறது என்று நினைத்து, கை கொடுத்துவிட்டுப் போனார். பெரியப்பாவும் மறுக்கவில்லை.

பெரியம்மா பட்டியலை வாங்கி அந்த வரியைத் தேடிப் படித்தார்.

"என் பேர் எங்கங்க?"

"உன் பேர் எதுக்கு?"

"குறை உங்க கண்ணுல. கண்டுபிடிச்சது யாரு?"

பெரியப்பா ஒரு கணம் பெரியம்மாவைப் பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, திருத்தத்துக்கு ஒரு திருத்தம் எழுதத் தொடங்கினார்.