மெஜுமாவின் நாக்கு

மொம்பாசா பழைய நகரத்தில் ஷுவேகாவின் வீட்டுக்கு மெஜுமா வேலைக்கு வந்தபோது, அந்த வீட்டுப் பிள்ளை இல்ஹாமுக்கு நாற்பது நாள். மெஜுமாவின் மகள் ரிஸிகிக்குப் பதினான்கு மாதம், இன்னும் பால்குடி மறக்காத வயது. வேப்பிலையை அரைத்து மார்பில் பூசிக்கொண்டு மூன்று நாள் அவளைக் கதறவிட்டாள் மெஜுமா. நான்காம் நாள் அக்கா முவானாவின் இடுப்பில் பிள்ளையை ஏற்றிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் லிக்கோனித் துறையில் படகேறினாள். புருஷன் அதற்கு முன்பே டாங்கா பக்கம் போய் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். தலாக் சொன்ன செய்தியைக்கூட நேரில் வந்து சொல்லாமல் மீன் விற்கிறவனிடம் சொல்லி அனுப்பியவன் அவன்.

பால் வற்ற இரண்டு வாரம் பிடித்தது. அந்த இரண்டு வாரமும் ஈரமான சட்டையோடு இன்னொருத்தி பெற்ற பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே மாடிக்கும் கீழுக்கும் நடந்தாள். தாலாட்டுப் பாட அவளுக்கு வராது. ஊர் மதரஸாவில் நாலு வருஷம் ஓதியபோது மனதில் ஏறிய துஆக்கள், அந்தச் சின்னச் சின்ன அரபுப் பிரார்த்தனைகள்தான் வரும். அழுகிற பிள்ளையின் காதில் அவற்றையே ஒன்றன்பின் ஒன்றாக முணுமுணுப்பாள். இல்ஹாம் பேச ஆரம்பித்தபோது முதலில் வந்த சொல் உம்மாவும் இல்லை, வாப்பாவும் இல்லை. கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்ததும் "பிம்மி" என்றது. பிஸ்மில்லாதான் அப்படி வந்தது.

மெஜுமா பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் நடத்தியதே இல்லை. ஒவ்வொரு துஆவுக்கும் வீட்டில் ஓர் இடம் இருந்தது. கண் விழித்ததும் பாயில் ஒன்று. கக்கூஸ் வாசலில் இடது காலை வைக்குமுன் ஒன்று, வலது காலை வெளியே வைத்ததும் இன்னொன்று. செருப்பு கிடக்கும் மூலையில் ஒன்று. சாப்பிட உட்கார்ந்து பிஸ்மி சொல்ல மறந்துபோய், பாதியில் ஞாபகம் வந்தால் அதற்கும் தனியாக ஒன்று; அதைச் சொன்னால், கூடவே தின்ற ஷைத்தான் வாந்தி எடுத்துவிடுவான் என்பாள். இல்ஹாமுக்கு இது மிகவும் பிடித்துப்போய், அந்தப் பாதி துஆவைச் சொல்வதற்காகவே தொடக்கத்தில் வேண்டுமென்று மறப்பாள்.

"கள்ளி, நீ மறக்கலைடி. ஷைத்தான் உன்னைப் பார்த்துச் சிரிக்கிறான்."

"அவன் வாந்தி எடுக்கட்டும்க்கா. நான் இப்ப சொல்லிட்டேன்ல!"

இல்ஹாமுக்கு நாலு வயதானபோது தம்பி தவாஹா பிறந்தான். அவனையும் மெஜுமாவே வளர்த்தாள். அவனுக்குத் தும்மல் என்றால் பெரிய விசேஷம். தும்மிவிட்டு அல்ஹம்துலில்லாஹ் சொல்வான். யாராவது பதில் சொல்லும்வரை நகரமாட்டான். ஷுவேகா போனில் பேசிக்கொண்டிருந்து கவனிக்காமல் விட்டால், கண்ணில் நீர் முட்ட அடுப்படி வாசலில் வந்து நின்று பொய்த்தும்மல் போடுவான். மெஜுமா கையில் மீன் செதிளோடு, "யர்ஹமுகல்லாஹ் ராஜா" என்பாள். அதற்கும் ஒரு பதில் உண்டு. அதையும் சொல்லி முடித்த பிறகுதான் விளையாடப் போவான்.

ஷுவேகா துறைமுகத்தில் சரக்கு இறக்குகிற கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தாள். கெட்டவள் இல்லை. மெஜுமாவுக்குப் பெருநாளைக்குப் புதுத்துணி எடுத்துக் கொடுப்பாள், காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் கூட்டிப்போவாள். விருந்தாளிகள் வந்தால் பிள்ளைகளைக் கூப்பிட்டு நிறுத்தி, "வீட்டுக்குள்ள நுழையும்போது என்ன சொல்லணும்? சொல்லு பாப்போம்" என்பாள். பிள்ளைகள் கடகடவென்று ஒப்பிக்கும்.

"மாஷா அல்லாஹ்! எப்படிம்மா பழக்கினே? என் வீட்டுதுங்க டீவியை விட்டு எழுந்திருக்கறதே இல்ல."

"சின்னதுலேர்ந்தே வீட்டுல கொஞ்சம் கண்டிப்பா இருந்துட்டோம், அவ்வளவுதான்" என்பாள் ஷுவேகா.

மெஜுமா தட்டில் மஹம்ரி ரொட்டியும் தேங்காய்ப்பாலில் வெந்த துவரையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். அந்தப் பேச்சு காதில் விழும். பிள்ளைகள் சொல்கிறார்களே, அது போதும் என்று நினைத்துக்கொள்வாள். அப்படி நினைத்துக்கொள்ள அவளுக்குக் கொஞ்சம் முயற்சி வேண்டியிருந்தது.

ரிஸிகியை வருஷத்தில் இரண்டு தடவை பார்த்தாள். இரண்டு பெருநாளுக்கும் இரண்டு இரண்டு நாள். போனபோதெல்லாம் பிள்ளை முவானாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. முகம் பழகுவதற்குள் படகுக்கு நேரமாகிவிடும்.

ஏழாவது வருஷம், ஷுவேகாவின் புருஷனுடைய அக்கா ஷம்ஸா ஜித்தாவிலிருந்து வந்தாள். பதினோரு வருஷம் அங்கே இருந்தவள். வெள்ளிக்கிழமைப் பகல் சாப்பாட்டுக்கு மெஜுமா புலாவு சமைத்திருந்தாள். எல்லாரும் ஒரே தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். முடித்ததும், யாரும் கேட்காமலே, மூன்று வயது தவாஹா கையை ஏந்தி உரக்கச் சொன்னான்: "அல்ஹம்துலில்லாஹில்லஸீ..."

ஷம்ஸா கையிலிருந்த எலும்பைக் கீழே வைத்தாள். "என்ன சொன்னே? இன்னொரு தரம் சொல்லு."

பாராட்டுகிறாள் என்று நினைத்து அவன் இன்னும் சத்தமாகச் சொன்னான்.

ஷம்ஸா தலைமுக்காடு நழுவ நழுவச் சிரித்தாள். "லஸீயாம் லஸீ! சாப்பிட்டு முடிச்சிட்டு அல்லாஹ்கிட்ட லஸ்ஸியா கேக்குறே? 'லதீ'டா, 'லதீ'! நாக்கைப் பல்லுக்கு நடுவுல வைக்கணும். ஷுவேகா, யாரு இதுங்களுக்குச் சொல்லிக்குடுத்தது?"

இரண்டு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் அடுப்படியைக் கை காட்டின. ஏழு வருஷத்தில் அந்தப் பேர் மெஜுமாவுக்குக் கிடைத்தது அன்றுதான்.

ஷுவேகாவின் முகம் சிவந்துவிட்டது. "வேலைக்காரிதான். அக்கரை திகோ இனத்துக்காரி. ஆபீசுக்கும் வீட்டுக்கும் ஓடுறதுல நான் கவனிக்கலை அண்ணி."

"சோறாக்க ஆள் வைக்கலாம். துணி துவைக்க வைக்கலாம். மார்க்கத்துக்குமா வேலைக்காரி வைப்பாங்க?"

தண்ணீர்ச் செம்போடு வாசலில் நின்ற மெஜுமா, கை கழுவ எல்லாருக்கும் வரிசையாக ஊற்றினாள். ஷம்ஸாவின் கையில் ஊற்றும்போது ஒரு சொட்டும் சிந்தவில்லை.

அடுத்த வாரமே பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்க உஸ்தாத் அத்மானி வந்தார். வாரம் மூன்று நாள், சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு. நல்ல மனிதர். முதல் நாளே பிள்ளைகளைக் கேட்டுப் பார்த்துவிட்டு ஷுவேகாவிடம், "இவ்வளவு துஆ இந்த வயசுல நான் பார்த்ததில்லை. உச்சரிப்பு தன்னால திருந்தும். சொல்லிக்கொடுத்தவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க. தடுமாறி ஓதுறவங்களுக்கு அல்லாஹ்கிட்ட ரெண்டு கூலி உண்டு" என்றார்.

"அது தடுமாறுறவங்களுக்கு உஸ்தாத்" என்றாள் ஷம்ஸா. "இவ எங்க தடுமாறுறா? தப்பைத் தைரியமால்ல ஓதுறா!"

கதவுக்கு அப்பால் நின்ற மெஜுமாவுக்கு இரண்டும் கேட்டன. அன்று முழுக்க அவள் நெஞ்சில் நின்றது ஷம்ஸா சொன்னதுதான்.

ஷுவேகா அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "மெஜுமா, தப்பா எடுத்துக்காதே. பிள்ளைங்க குழம்பிடும். நீ இனிமே எதுவும் சொல்லிக்குடுக்க வேணாம். அதுங்க முன்னாடி நீயும் சத்தமா ஓதாதே. மனசுக்குள்ள சொல்லிக்க, என்ன?"

"சரி பீபி ஷுவேகா."

இல்ஹாம் கெட்டிக்காரி. ஒரே மாதத்தில் நாக்கு திருந்திவிட்டது. ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்த மெஜுமா பழக்கதோஷத்தில் ஏதோ முணுமுணுக்க, ஓடிவந்து வாயைப் பொத்தினாள்.

"அக்கா, நீ சொல்லாதே. உன்னோடது தப்பு. நாக்கை நீட்டு பாப்போம். இன்னும். இப்ப சொல்லு, லதீ!"

"லஸீ."

இல்ஹாம் கட்டிலில் விழுந்து புரண்டு சிரித்தாள். அது அப்படியே ஷம்ஸாவின் சிரிப்பு.

மெஜுமா முயன்றுதான் பார்த்தாள். துணி துவைக்கும்போது, குழாய்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று தெரிந்தபோது, நாக்கைப் பல்லுக்கிடையில் வைத்துச் சொல்லிப் பார்த்தாள். நாக்கு வெளியே வந்தது, எழுத்து வரவில்லை. ஒருதரம் கடித்துக்கொண்டு ரத்தம் வந்தது. முப்பது வருஷம் மூச்சோடு மூச்சாக வந்துகொண்டிருந்த வார்த்தைகள், இப்போது வாசலிலேயே நின்று அனுமதி கேட்டன.

தவாஹாவுக்குத்தான் இது எதுவும் புரியவில்லை. பகலில் தூங்கவைக்கும்போது அவள் துஆ சொல்லாமல் முதுகைத் தட்டினால் எழுந்து உட்கார்ந்துகொள்வான். "சொல்லுக்கா."

"உஸ்தாத் சொல்லிக்குடுத்ததை நீயே சொல்லு ராஜா."

"அது வேணாம். உன்னோடது."

பத்து நாள் பொறுத்தாள். பதினோராவது நாள் அவன் காதருகே குனிந்து, அவளுடைய நாக்கில் எப்படி வருமோ அப்படியே சொன்னாள். இரண்டாவது வரி முடிவதற்குள் பிள்ளை தூங்கிவிட்டான். அதன்பிறகு தினமும் சொன்னாள்.

அந்த மாதக் கடைசியில் உஸ்தாத் கேட்டபோது தவாஹா பழையபடியே "லஸீ" என்றான். ஷம்ஸா பக்கத்தில்தான் இருந்தாள். "இன்னுமா?" என்று அவள் கேட்க, இல்ஹாம் எழுந்து நின்று சாட்சி சொன்னாள். "அக்காதான் சொல்லிக்குடுக்குறா. தூங்க வைக்கும்போது. நான் கேட்டேன்." பொய் சொல்லக்கூடாது என்று அவளுக்குப் பழக்கியதும் மெஜுமாதான்.

ஷுவேகா அழுதாள். கோபத்தைவிட அழுகைதான் முந்திக்கொண்டு வந்தது. "ஏழு வருஷம் உன்னை என் கூடப்பிறந்தவ மாதிரி வச்சிருந்தேன். ஒரே ஒரு விஷயம் வேணாம்னு சொன்னேன். அதைக்கூடக் கேக்க முடியலையா?"

"அவன் தூங்கலை பீபி ஷுவேகா."

"தூங்காட்டி என்ன? நான் அவனோட தாய், நான் பாத்துக்க மாட்டேனா?"

கொஞ்ச நாள் ஊருக்குப் போய் இரு, சொல்லி அனுப்புகிறேன் என்றாள் ஷுவேகா. அதற்கு என்ன அர்த்தம் என்று இருவருக்குமே தெரியும். ஒரு பை துணி, ஒரு குடை. தவாஹா பாலர் பள்ளியில் இருந்த நேரத்தில் கிளம்பச் சொன்னார்கள்.

படகில் கூட்டம் நெரித்தது. ஆட்டோ, மீன்கூடை, பள்ளிக்கூடச் சீருடை எல்லாவற்றுக்கும் நடுவே நின்றபடி மெஜுமா ஒரு கணக்குப் போட்டாள். ரிஸிகிக்கு எட்டு வயது நடக்கிறது. எட்டு ஒன்றும் தாமதமில்லை. முதலில் கண் விழித்ததும் சொல்வது, பிறகு சாப்பாட்டுக்கு, பிறகு செருப்பு மாட்டும்போது. இடத்துக்கு ஒன்றாகச் சொல்லிக்கொடுக்கலாம். இனி முழுநாளும் சொந்தப் பிள்ளையோடுதான். அந்த நினைப்பில், அவமானத்துக்கு நடுவிலும் கொஞ்சம் சந்தோஷம் எட்டிப்பார்த்தது.

முவானா வாசலிலேயே கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். மத்தியானம் சோளக்களியும் கீரையும் நடுவில் வைத்து மூவரும் உட்கார்ந்தார்கள். ரிஸிகி யாரும் சொல்லாமலே பிஸ்மி சொல்லி எடுத்துச் சாப்பிட்டாள். மெஜுமாவுக்கு ஆச்சரியம்.

"யாரு கண்ணு சொல்லிக்குடுத்தது?"

"மதரஸாவுல. எல்லாமே எனக்குத் தெரியும்." அந்நியரிடம் பேசுகிற மரியாதையோடு சொன்னாள். "கக்கூஸ் போறதுக்கு, மழைக்கு, கண்ணாடி பாக்குறதுக்கு. நாப்பது துஆ. ம்மாகிட்ட தினமும் ஒப்பிப்பேன்." ம்மா என்றது முவானாவை.

சாப்பிட்டு முடித்தார்கள். ரிஸிகி, வந்தவளுக்குத் தன் திறமையைக் காட்டவேண்டும் என்றோ என்னவோ, முதுகை நிமிர்த்திக் கையை ஏந்தித் தெளிவாகச் சொன்னாள்.

"அல்ஹம்துலில்லாஹில்லஸீ அத்தமனா..."

"லதீ" என்றாள் மெஜுமா.

அவள் வாயிலிருந்துதான் வந்தது. யோசிக்கவே இல்லை. கூடவே ஒரு சிறு சிரிப்பும் வந்துவிட்டது. "லஸீ இல்லடி, தப்பு. நாக்கைப் பல்லுக்கு நடுவுல வைக்கணும்."

ரிஸிகியின் ஏந்திய கைகள் அந்தரத்தில் நின்றன. முவானா தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க" என்றாள் ரிஸிகி. "உங்களுக்குத் தெரியும்னா நீங்களே சொல்லுங்க."

மெஜுமா நாக்கைப் பல்லுக்கு நடுவே வைத்தாள். எட்டு வயதுப் பிள்ளை அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. சொன்னாள். "லஸீ" என்றுதான் வந்தது.

இல்ஹாமைப்போல ரிஸிகி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட இழுத்து மடியில் போட்டுக்கொண்டிருக்கலாம். அவள் தன் தட்டையும் முவானாவின் தட்டையும் எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள். மெஜுமாவின் தட்டு அங்கேயே கிடந்தது.

"வந்த அன்னிக்கே குத்தம் கண்டுபிடிக்கணுமா? பெருநாளைக்கு அவ தாய் வருவான்னு ரெண்டு மாசமா அதை மனப்பாடம் பண்ணிக்கிட்டு இருந்தா" என்றாள் முவானா.

சாலையில் மினி பஸ் நிற்கும் இடத்தில் மரவள்ளி பொரித்து விற்க ஆரம்பித்தாள் மெஜுமா. மூன்று மாதம் கழித்து ஷுவேகா ஒருதரம் போன் செய்தாள். தவாஹாவுக்கு இருமல் வந்தால் எந்த எண்ணெய் தேய்ப்பாய் என்று கேட்டாள். மெஜுமா சொன்னாள். பிறகு, பிள்ளை எப்படி இருக்கிறான் என்று கேட்டாள்.

"நல்லா இருக்கான். முதல் ஒரு வாரம் படுத்தினான். இப்ப உன் பேச்சே எடுக்கறதில்லை" என்றாள் ஷுவேகா, ஆறுதல் சொல்கிற குரலில்.

ரமலானில் அந்தத் தெருவே நோன்பு திறக்க முற்றத்தில் உட்காரும். பாங்கு சொன்னதும் ரிஸிகிதான் முன்னே ஓதுவாள். பெண்களும் பிள்ளைகளும் சேர்ந்துகொள்வார்கள். அவரவருக்கு வந்தபடி, ஒருவர் முந்த ஒருவர் பிந்த, வாய் நிறைய ஓதினார்கள். அத்தனை பேரில் யாருக்கும் ஒரு தப்பும் கேட்கவில்லை. மெஜுமாவுக்கு மட்டும் ஒவ்வொரு தப்பும் தனித்தனியாகக் கேட்டது. வேண்டாம் என்றாலும் கேட்டது.

"நீங்க ஓதலையா?" என்றாள் ரிஸிகி பேரீச்சம்பழத்தை நீட்டியபடி.

"மனசுக்குள்ள சொல்லிட்டேன்" என்றாள் மெஜுமா.

சொல்லவில்லை. மனசுக்குள்ளும் முதல் எழுத்திலேயே நின்றுபோயிருந்தது. பழத்தை வாங்கிக் கொட்டையை விரலால் எடுத்துவிட்டு மெதுவாக மென்றாள்.