அடுப்பைக் குளிப்பாட்டிய ஆள்

மட்டக்களப்பு வாவிக்கரையில் அடுப்பைத் தினமும் குளிப்பாட்டிய ஆள் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். வேறு யாராவது இருந்தால் வெளியே வரட்டும், எனக்குத் துணையாக இருக்கும்.

என் தொழில் வெல்டிங். கேற், யன்னல் கம்பி, தண்ணீர்த் தாங்கிக்குக் கால், இப்போதெல்லாம் எவர்சில்வரில் படிக்கட்டுக் கைபிடி. பட்டறை வாசலில் நானே எழுதித் தொங்கவிட்ட பலகையில் ‘துருப்பிடியாது, கறைபடாது, கவலை வேண்டாம்’ என்று இருக்கும். முதல் இரண்டும் தகட்டைப் பற்றியவை. மூன்றாவது எனக்கு நானே சொல்லிக்கொண்டது. போன் இரண்டு முறை அடித்தாலே யாரோ போய்விட்டார்கள் என்று எனக்கு நெஞ்சு இடிக்கும்.

மனைவி வீட்டு வாசலில் மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல் விற்கிறாள். காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்று அலுத்துப்போன காலத்தில் ஒரு நாள், “இஞ்சாருங்க, ஊர்க்கேற்றெல்லாம் செய்யிறீங்க. எனக்கு உமியில எரியிற அடுப்பு ஒண்டு செய்து தாங்களன்” என்றாள்.

செய்தேன். ஒரு கன்டீனுக்குக் கழுவுதொட்டி செய்ததில் மிஞ்சிய எவர்சில்வர் தகடு கிடந்தது. உள்ளே நெருப்பு நிற்க ஒரு குழல், வெளியே ஒரு கூடு, கீழே மூன்று கால். முடித்து நிறுத்தியபோது முகம் பார்க்கலாம்போல மினுங்கியது. நான் பார்த்து மீசையையும் ஒதுக்கிக்கொண்டேன்.

“பேரப்பிள்ளையளும் இதிலதான் சமைக்கும். அழிவே இல்ல” என்றேன். அக்கம்பக்கத்துக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

முதல் நாள் உமி நன்றாகப் பிடித்து எரிந்தது. குழல் சிவந்தது. சோறு இறங்கி, நெருப்பு தணிந்த பிறகு எட்டிப் பார்த்தால், என் வெள்ளித் தகடு வாய்ப்பக்கம் வைக்கோல் நிறம், அதற்குக் கீழே ஊதா, அதற்கும் கீழே நீலம்.

“மயில் கழுத்து மாதிரி என்ன வடிவு!” என்றாள் மனைவி.

எனக்கு வேர்த்துவிட்டது. கறைபடாது என்று பலகை எழுதியவன் வீட்டிலேயே கறை. வெல்டிங் செய்த ஓரத்தில் இந்த நிறம் வரும் என்பது எனக்குத் தெரியும். கைபிடியில் அதை அப்படியே விட்டால் மழை பட்டுத் துருப் பிடிக்கும். அமிலப் பசை பூசி, தேய்த்து எடுத்துவிட்டுத்தான் ஆட்களிடம் கொடுப்போம். அப்படியென்றால் அடுப்பையும் தேய்க்கத்தானே வேண்டும்?

அதோடு எங்கள் பக்கத்துப் பழக்கமும் சேர்ந்துகொண்டது. ஒரு விசேசம் என்றால் முதலில் பாத்திரம் மினுங்க வேண்டும். பழப்புளியும் சாம்பலும் போட்டு மினுக்காத குடத்தைப் பந்தலுக்குள் எடுக்கமாட்டார்கள். நான் அந்தப் பழக்கத்தை அடுப்புவரை கொண்டுபோனேன். மத்தியானம் சமையல் முடிந்ததும், சூடு ஆறுமுன்பே கொல்லைப்புறத்து ஆற்றில் ஒரு வாளி அள்ளி ஊற்றுவேன். வாவி என்று புத்தகத்தில்தான் எழுதுகிறார்கள், எங்களுக்கு அது ஆறுதான். முகத்துவாரம் வெட்டியிருக்கிற மாதங்களில் கடல்நீர் உள்ளே ஏறி, அந்தத் தண்ணீர் வாயில் கரிக்கும். அடுப்பு ‘ஸ்ஸ்’ என்று சீறும். பிறகு புளி, சாம்பல். அதிலும் போகாத நிறத்துக்குக் கம்பிப் பிரஷ். பின்னேரம் பார்த்தால் பழையபடி வெள்ளி.

“கலியாணம் கட்டி இத்தனை வருசம். எனக்கு ஒரு நாள் முதுகு தேய்ச்சு விட்டிருப்பீங்களா?” என்பாள் மனைவி, வேலிக்கு அந்தப் பக்கத்துப் பெண்களுக்கும் கேட்கும்படி. அவர்கள் சிரிப்பார்கள். நான் தேய்ப்பேன்.

இப்படி ஒரு மாதம் போனது. அந்த நேரத்தில்தான் வெல்லாவெளிப் பக்கத்து வட்டை விதானை வந்தார். வட்டை என்றால் ஊராருடைய வயல்கள் சேர்ந்து கிடக்கிற வெளி. விதானை அந்த வெளிக்குத் தண்ணீரும் ஒழுங்கும் பார்க்கிற பெரியவர். அறுவடை முடிந்து எல்லாரும் சேர்ந்து வட்டைக்குள்ளேயே பொங்கி, ஊருக்குச் சாப்பாடு போடுவார்கள். அவர் என் மனைவியின் பார்சலை ஒரு நாள் சாப்பிட்டிருக்கிறார்.

“இந்த முறை நீதான் புள்ள சமைக்கோணும். விறகுக்குத்தான் கஸ்டம். உமி எண்டா மலையாக் கிடக்கு. உன்ர அடுப்பையும் கொண்டு வா” என்றார்.

அவர் போன பிறகு அவள் மிஞ்சிய பார்சல்களை எண்ணி அடுக்கினாள். பிறகு, “இது நல்லா வந்தா மறுகா ஒவ்வொரு வட்டையும் என்னைத்தான் கூப்பிடும். பார்சலோட நிக்கத் தேவையில்ல” என்றாள். அவள் எதையும் வாய்விட்டு ஆசைப்படுகிறவள் அல்ல. அதனால் அந்த ஆசை நேராக என் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

வட்டைப் பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கும்போது அடுப்பு பேசத் தொடங்கியது. நெருப்பு அணைந்து ஆறும்போது ‘டிக், டிக்’ என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தேன். குழலின் உட்புறம் கறுத்து, மீன் செதில் மாதிரி உரிந்து விழுந்துகொண்டிருந்தது. ஸ்குரூ டிரைவரால் மெதுவாகத் தட்டிப் பார்த்தேன். அது உள்ளே போய் மறுபக்கத்தால் எட்டிப் பார்த்தது.

வட்டை நடுவில் அடுப்பு மடங்கி, பாயாசக் கிடாரம் கவிழ்ந்து, விதானை பாயாசத்தில் நீந்துவது என் கண்ணுக்குத் தெரிந்தது. மனைவியின் தம்பிக்குப் போன் எடுத்தேன். அவர் மண்டூரில் இருக்கிறார். கட்டாரில் சீமெந்துச் சூளை திருத்தும் வேலை பார்த்தவர், இப்போது ஒரு நெல் மில்லில் உலை பார்க்கிறார். “மச்சான், எல்லாம் முடிஞ்சுது, உடனே வா” என்றேன். அதோடு போன் சார்ஜ் போய்விட்டது.

மறுநாள் காலை மனிதர் முதல் பாதை பிடித்து வந்தார். பாதை என்றால் ஆற்றைக் கடக்கிற மிதவை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேர்ட், முகமெல்லாம் வீங்கி. கேற்றில் நின்றபடியே, “அக்கா, எங்களை விட்டிட்டுப் போயிட்டியே...” என்று பெரிய குரலில் அழத் தொடங்கினார்.

என் மனைவி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். “என்னடா, யார் செத்தது?”

“அத்தான் எங்க?”

“அவர் அடுப்படியில குந்தியிருக்கார். உயிரோடதான்.”

என்னைக் கண்டதும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெரியவர்களுக்குச் சொல்லத் தகாத இரண்டு வார்த்தை சொன்னார். நான் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டேன். அடுப்பைக் காட்டினேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தி, ஒரு செதிலை எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்தார்.

“அத்தான், இதைக் கழுவினீங்களா?”

“ஒவ்வொரு நாளும்” என்றேன், கொஞ்சம் பெருமையாக.

“எதால?”

சொன்னேன். மயில் நிறம் போக ஆற்றுத் தண்ணீர், புளி, பிரஷ். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“இந்தத் தகட்டுக்குள்ள குரோம் இருக்கு. நெருப்பில அது காத்தோட சேர்ந்து மெல்லிசா ஒரு தோல் போடும். அந்த மயில் நிறம்தான், அத்தான், அந்தத் தோல். அது இருக்குமட்டும் காத்து உள்ள போய் இரும்பைத் தின்னாது. நீங்க ஒவ்வொரு நாளும் அதை உரிச்சு விட்டிருக்கிறீங்க. அது பாவம், ஒவ்வொரு நாளும் உள்ளயிருந்த குரோமை எடுத்துப் புதுத்தோல் போட்டிருக்கு. குரோம் முடிஞ்சுது. இப்ப இரும்பு எரியுது.”

“கைபிடிக்குத் தேய்க்கிறம்தானே?”

“கைபிடியில ஆர் சோறு சமைக்கிறது? சுடச்சுடத் தண்ணி ஊத்தினா இரும்பு சட்டெண்டு சுருங்கும், தோல் வெடிச்சு விழும். போதாததுக்கு உப்புத்தண்ணி. சூட்டில உப்பு அந்தத் தோலை அரிச்சுப்போடும்.” என்னை நிமிர்ந்து பார்த்தார். “அடுப்பை இப்பிடிக் குளிப்பாட்ட அது என்ன மாப்பிள்ளையா?”

மனைவி மீனையும் விட்டுவிட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் பொங்கலுக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது.

பின்னேரம் அவர் மில்லில் கேட்டு, உலை மாற்றியபோது கழற்றி ஒதுக்கிய தகடொன்றைக் கொண்டுவந்தார். கறுப்பு, சொரசொரப்பு, வடிவென்று ஒன்றும் கிடையாது. என் பட்டறையில் இருந்தால் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டிருப்பேன்.

“வருசக்கணக்கா நெருப்புக்குள்ள கிடந்தது. பாருங்க, ஒரு செதில் விழுதா? உங்கட தகட்டைவிட இதில குரோமும் கூட, நிக்கலும் கூட” என்றார். சுத்தியலால் தட்டினேன். கோயில் மணி மாதிரிக் கேட்டது.

இரண்டு பேருமாக அதை வெட்டி, வளைத்து, அதற்கேற்ற வெல்டிங் கம்பி வைத்து ஒட்டினோம். நெருப்பு நேரே படுகிற அடிப்பக்கத்துக்குப் புற்றுமண்ணும் உமிச்சாம்பலும் குழைத்து உள்ளே பூசினோம், தகடு முழுச்சூட்டையும் வாங்காமல் இருக்க. முதலில் சின்ன நெருப்பு, பிறகு பெரிது. அணைத்த பிறகு தானாக ஆறும்வரை ஒருவரும் தொடக்கூடாது. அந்த ‘ஒருவரும்’ நான்தான் என்பதால் மனைவி கம்பிப் பிரஷை எடுத்து எங்கோ ஒளித்தாள்.

பொங்கலன்று அடுப்பைப் பாதையில் ஏற்றி, ஆற்றின் மேற்குக் கரையான படுவான்கரைக்குக் கொண்டுபோனோம். வட்டைக்குள் வாய்க்கால் ஓரமாகப் பெண்கள் வரிசையாகக் குந்திக் கிடாரம், அண்டா, அகப்பை எல்லாம் மினுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் விதானையோடு நின்று, இந்த அடுப்பைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்ற மாதிரி கதைத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால், ஒரு அக்கா என் அடுப்பைச் சரித்து வைத்து, கையில் ஒரு பிடி புளியும் சாம்பலுமாக உள்ளே கையை விடுகிறாள்.

நான் எப்படி வயல் வரம்பைத் தாண்டினேன் என்று எனக்குத் தெரியாது. செருப்பு ஒன்று சேற்றில் நின்றுவிட்டது. “அக்கா! தொடாதீங்க! தோல்! அதின்ர தோல்!” என்று கத்திக்கொண்டு போய் அடுப்பைக் கட்டிப்பிடித்தேன்.

வட்டையே திரும்பிப் பார்த்தது. அந்த அக்கா புளியோடு எழும்பி, என் மனைவியைப் பார்த்து, “என்னகா, உன்ர மனிசனுக்குச் சுகமில்லையா?” என்றாள்.

“இப்பதான் சுகமாகி வாறார்” என்றாள் மனைவி.

அடுப்பு எரிந்தது. குழலின் வாயில் மெல்ல வைக்கோல் நிறம் ஏறி, ஊதாவாகி, நீலமானது. எனக்குக் கை அரித்தது. இரண்டு கையாலும் அகப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சோறு இறங்கியது, பூசணிக்காய்க் கறி இறங்கியது, கடைசியாகப் பாயாசக் கிடாரம் ஏறி, அசையாமல் நின்று, கொதித்து இறங்கியது. விதானை இலையில் பாயாசத்தை வழித்து நக்கிவிட்டு, “அடுத்த போகத்துக்கும் நீதான் புள்ள. உன்னிச்சைப் பக்கத்தாரும் கேட்டவை, சொல்லி விடுறன்” என்றார். மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நான் புகை என்றேன். அவளும் புகை என்றாள்.

திரும்பும்போது பாதையில் அடுப்பு எங்களுக்கு நடுவில் இருந்தது, கறுப்பும் மயில் நிறமுமாக. ஆற்றுக்காற்று நன்றாக அடித்தது. ஒரு வாளி தண்ணீர் எட்டும் தூரத்தில்தான் இருந்தது, நான் பார்க்கவே இல்லை.

“இனிப் பின்னேரத்தில உங்களுக்கு வேலையில்ல என்ன?” என்றாள் அவள்.

“இல்ல.”

“புளி கொஞ்சம் மிச்சம் கிடக்கு” என்று சொல்லிவிட்டு, முதுகை என் பக்கம் திருப்பிக்கொண்டு ஆற்றைப் பார்த்தாள்.