தள்ளி வைத்த எலுமிச்சம்பழம்

என் அக்கா விக்டோரியா, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பிக் கம்பெனியின் கேட்டில் செக்யூரிட்டியாக இருந்தாள். வண்டி எடுக்கும் டிரைவர்கள் எல்லாரும் அவள் நீட்டுகிற மிஷினில் ஊதிக் காட்ட வேண்டும். குடித்திருந்தால் அது கத்தும். போன மாதம் அவளை அடக்கம் செய்தோம். அவள் எப்படிப்பட்டவள் என்று யாராவது கேட்டால், அந்த ஆயுதபூஜை நாளைத்தான் சொல்வேன்.

அன்று மாலை மீஞ்சூரில் எங்கள் கம்பெனிப் பெண்களுக்கு த்ரோபால் ஃபைனல். முதல் ஃபைனல்! அக்காவின் கம்பெனியிலேயே ஆபீசில் வேலை பார்த்த என்னையும் அணியில் சேர்த்திருந்தார்கள். வாழைக்கன்று கட்டிய பஸ்ஸில் ஏறி, வாய் நிறையப் பொரியோடு கத்திக்கொண்டிருந்தோம்.

டிரைவர் துளசிராமன் மிஷினில் ஊதினான். ஜீரோ.

"பாத்தியாக்கா, சுத்தம்! நாலு பஸ் குடு, நாலையும் ஒத்தக் கையில ஓட்றேன்!"

மற்ற நாட்களில் கேட்டால்தான் பதில் சொல்கிறவன். அன்று நிறுத்தாமல் பேசினான். உதட்டை நக்கிக்கொண்டே இருந்தான்.

"நேத்து தூங்கினியாடா?" என்றாள் அக்கா.

"தூக்கமா? ரெண்டு நைட்டா விஜயவாடாவுக்கு லாரி ஓட்டிக்கினு இருந்தேன். இப்பவும் எப்படி ஃபிரெஷ்ஷா கீறேன் பாரு!"

"இன்னா போட்ட?"

"சரக்கு ஒரு சொட்டு கெடையாது. தூக்கம் வராம இருக்க மாத்திரை. அதெல்லாம் உன் மிஷினுக்குத் தெரியாது!" என்று சிரித்தான்.

கேப்டன் சுமலதா ஜன்னலில் தலையை நீட்டினாள். "யக்கா, மிஷினே உட்ருச்சு. நீ இன்னாத்துக்குப் புடிச்சு வெச்சுக்கினு கீற?"

அக்கா பூஜைத் தட்டிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழங்களை எடுத்தாள். சக்கரத்தை ஒட்டி வைப்பதுதான் வழக்கம். அவளோ வெகுதூரம் தள்ளி, கேட்டுக்கு முன்னால் வைத்தாள்.

"சர்ச்சுக்குப் போறவளுக்கு எலுமிச்சம்பழம் இன்னாத்துக்காம்?" என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல்.

"இயேசு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. எல்லாரும் எறங்குங்க. டேய், நேரா வந்து ரெண்டு டயர்லயும் ஏத்து."

முணுமுணுத்துக்கொண்டே இறங்கினோம். பஸ் சீறிக்கொண்டு வந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து போய், கேட் தூணுக்கு ஒரு முழம் முன்னால் குலுங்கி நின்றது. துளசிராமன் குதித்து இறங்கினான்.

"நசுங்கிச்சா?"

பழங்கள் இரண்டும் வைத்த இடத்திலேயே உருண்டையாக இருந்தன. நசுங்கியது தூணோரம் கிடந்த அக்காவின் பிளாஸ்டிக் நாற்காலி.

"பழத்த உட்டுட்டு என் சேர நசுக்கிட்டியேடா!" என்றபடி சாவியைப் பிடுங்கிக்கொண்டாள்.

ஒருத்தி சிரித்தாள். சுமலதாவுக்கோ அழுகை வந்தது. "ஃபைனல் போச்சு! நாளைக்கு மேனேஜர்கிட்ட சொல்லி உன்னத் தூக்கச் சொல்றேன்."

"சொல்லு. சொல்றதுக்கு நாளைக்கு நீ உசுரோட இருப்ப இல்ல?"

பஸ் படியில் உட்கார்ந்து, நாற்காலி தானாக வந்து சக்கரத்தில் விழுந்ததாகத் துளசிராமன் விளக்கிக்கொண்டிருந்தான். சண்டை முடிவதற்குள் அவன் குரல் நின்றுபோனது. பார்த்தால், தலை தொங்கத் தூங்குகிறான். சுமலதா தோளைப் பிடித்து உலுக்கினாள். கன்னத்தில் தட்டினாள். எழவில்லை. தோளிலிருந்து கையை எடுத்தாள். பிறகு பந்துப் பையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக ஓடினாள்.

"ரயிலு ஸ்டேஷனுக்கு ஓடுங்கடி!" என்று அக்கா கத்தினாள்.

ஓடினோம்! எதிரே வந்த ஷேர் ஆட்டோக்களில் ஒருத்தி மடியில் ஒருத்தியாக ஏறினோம். பிளாட்பாரத்தில் கால் வைத்தபோது ரயில் ஹாரன் அடித்துவிட்டது. கடைசிப் பெட்டியில் தொற்றிக்கொண்டோம். நடுவர் விசிலை வாயில் வைக்கும் நேரத்தில் மைதானத்துக்குள் நுழைந்தோம்.

மூன்றாவது செட்டில் தோற்றோம். திரும்பும் ரயிலில், ஜெயித்தவர்களைப் போலப் பாடிக்கொண்டு வந்தோம்.

மறுநாள் சுமலதா மேனேஜரிடம் போகவில்லை. ஒரு புது நாற்காலியைத் தலையில் தூக்கி வந்தாள். "பழசவிட கெட்டி ஜாஸ்தி. உன் வாய்க்கு இதான் தாங்கும்," என்றாள்.

அடக்கத்தன்று கம்பெனி ஆட்களைத் துளசிராமன்தான் பஸ்ஸில் அழைத்து வந்தான். முன்டயர்கள் இரண்டிலும் எலுமிச்சைத் தோல் ஈரமாக ஒட்டியிருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பெட்டியருகே குனிந்தான்.

"தள்ளி வெச்சுத்தான் ஏத்தினேன்க்கா. ரெண்டும் நசுங்கிச்சு."